ஆள் வரட்டும்

ஒரே ஒரு போட்டோவுக்காக என்னை இரண்டரை மணி நேரம் வெயிலில் காய வைத்த மனுஷி அந்த அக்காதான். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கலவையில் தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டாலே சைட் அதிரக் கத்துவேன். அப்பேர்ப்பட்ட என்னை ஏரிக்கரையில் ஒரு கழிப்பறைக் கட்டடத்துக்கு எதிரே, கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார வைத்துவிட்டு, "ஆள் வரட்டும் தம்பி" என்று சொல்லி, அவர் பாட்டுக்கு வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

நான் அப்போது ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். சொந்த ஊர் காட்டூர், நெல் விளைகிற ஊர். மீனைக் குழம்பில் பார்த்ததோடு சரி. எங்கள் கான்ட்ராக்டருக்குப் பழவேற்காட்டைச் சுற்றியுள்ள மீனவர் ஊர்களில் சின்னச் சின்னக் கட்டட வேலைகள் கிடைக்கும். அடித்தளம், லிண்டல், கூரை என்று வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் போட்டோ எடுத்து, வேலை கொடுத்த ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். நான் போனில் எடுத்த படங்களில் பாதிக்குப் பாதி என் கட்டைவிரல் விழுந்திருந்தது. கான்ட்ராக்டர் திட்டிவிட்டு, பஜாரில் ஸ்டுடியோ வைத்திருந்த அக்காவைப் பிடிக்கச் சொன்னார்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாலும் போன் போட்டுத் திட்டுவார். "படத்துல கீறவன் பேரு போடு. எடுத்தவ பேரு இன்னாத்துக்கு?" என்று கேட்கிற ஆள். ஊருக்கெல்லாம் போட்டோக்கா, எனக்கும் அப்படித்தான்.

ஏரிக்கு அந்தப் பக்கம், தீவு போலக் கிடக்கிற பசியாவரத்தில் பிறந்தவர். படகில் வரும்போது தண்ணீர் தெறிக்கும் என்று கேமராவை மீன் வண்டிக்காரர்கள் வைத்திருக்கிற தெர்மாகோல் பெட்டிக்குள் துணி சுற்றி வைத்துக்கொண்டு வருவார். வழியில் யாராவது, "இன்னா மீனுக்கா?" என்று கேட்பார்கள். "ஒத்தக் கண்ணு மீனு, ஒலையில ஏறாது" என்பார். தினம் கேட்கிற கேள்விதான், தினம் சொல்கிற பதில்தான். ஆனாலும் இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

அந்தக் கழிப்பறைக் கதைக்கு வருகிறேன். கட்டி முடித்தாயிற்று, வெள்ளையடித்தாயிற்று, கதவில் புதுப் பூட்டு. ஒரு படம் எடுத்து அனுப்பினால் வேலை முடிந்தது. அக்கா கேமராவை எடுக்கவே இல்லை.

"கட்டடம் முன்னாடிதானே நிக்குது? எடுக்க வேண்டியதுதானே அக்கா?" என்றேன்.

"காலி வூட்ட எடுக்க நா இன்னா புரோக்கரா? கட்டனது யாருக்கு? அவங்க வரட்டும்."

வந்தார்கள். கழிப்பறைக்குள் யாரும் போகவில்லை. ஒரு பெண்மணி ஏணியைச் சாத்திக் கூரை மேல் ஏறி, கருவாடு காய வைத்தார். இன்னொருவர் பூட்டின கதவைத் தாண்டிப் பின்பக்கப் புதர்ப் பக்கம் போனார். அக்கா கருவாட்டை மட்டும் எடுத்தார். படம் சோக்காக இருந்தது. வெள்ளைச் சுவர், நீல வானம், கூரை முழுக்க வெள்ளி வெள்ளியாகக் கருவாடு, நடுவில் இடுப்பில் கைவைத்த அந்தப் பெண்மணி. ஆபீசிலிருந்து எனக்குப் போன் வந்தது. கழிப்பறை மேல் ஏன் கருவாடு காய்கிறது என்று கேட்டார்கள். உள்ளே போக முடியாது, இன்னும் தண்ணீர் இணைப்பு வரவில்லை என்ற உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. என்னைத்தான் காய்ச்சி எடுத்தார்கள். ஆனால் அடுத்த வாரமே தண்ணீர் வந்துவிட்டது.

அக்காவிடம் சண்டைக்குப் போனேன். "உங்களால எனக்கு எவ்ளோ பேஜாரு தெரியுமா?" என்று கத்தினேன். அவர் ஒரு கை வேர்க்கடலையை என் உள்ளங்கையில் கொட்டி, "கத்து. கத்தி முடிச்சிட்டு துன்னு" என்றார். இவரிடம் எப்படிச் சண்டை போடுவது, சொல்லுங்கள்.

ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுப்பார், கல்யாணம், மஞ்சள் நீராட்டு எல்லாம் எடுப்பார். அதெல்லாம் பிழைப்பு. அவர் ஆசைக்கு எடுத்தது கட்டடங்களைத்தான். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள் வரிசை வரிசையாக இருக்கின்றனவே, அவற்றை வருஷா வருஷம் போய் எடுப்பார். ஒவ்வொரு வீட்டிலும் யாராவது வாசலுக்கு வருகிற வரை நிற்பார். ஒரு மழை நாளில் ஸ்டுடியோ மேஜை மேல் அந்தப் படங்களைப் பரப்பிக் காட்டினார். முதல் வருஷப் படங்களில் எது யார் வீடு என்றே தெரியாது. எல்லாம் ஒரே அச்சு. அப்புறம் பார்த்தால், ஒருவர் ஜன்னலை இடித்துப் பெட்டிக்கடை திறந்திருக்கிறார். ஒருவர் வலை போட்டு வைக்க ஓலையில் சாய்ப்பு இறக்கியிருக்கிறார். ஒரு வீடு கிளிப்பச்சை. இன்னொரு வீட்டில் வாசலையே அடைத்துவிட்டுக் கடல் பார்த்த பக்கமாகப் புதுக் கதவு வைத்திருக்கிறார்கள்.

"இன்சினீரு ஒரே வூட்ட நூறு வாட்டி கட்டிக் குட்தாரு. சனங்க அத்த நூறு வூடா ஆக்கிக்கினாங்க பாத்தியா?" என்று சொல்லிவிட்டு அப்படிச் சிரித்தார். கட்டடத்தைப் பார்த்து ஒருத்தருக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் கட்டடத்தை அளந்திருக்கிறேன், பூசியிருக்கிறேன், பார்த்ததில்லை.

இனி என் மானம் போன கதை.

ஏரிக்கரை ஊர் ஒன்றில் மீன் அங்காடி கட்டுகிற வேலை வந்தது. சென்னையிலிருந்து ஒரு ஆர்க்கிடெக்ட் அம்மா வரைந்த ட்ராயிங். சின்னப் பெண்தான், ஆனால் கெட்டிக்காரி. பூச்சே இல்லாத கான்கிரீட் தூண்கள், நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் தாழ்ந்து வருகிற கூரை, ஏரிக் காற்று உள்ளே புகுந்து வெளியே போக ஓட்டைச் செங்கல் சுவர். ஊர் ஜனங்களே வேலை நடக்கும்போது வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கூரை முடிகிற வரை அந்த அம்மா அடிக்கடி வந்தார். கடைசி வேலை, பெண்கள் உட்கார்ந்து மீன் விற்பதற்கான மேடைகள். அது என் பொறுப்பு.

ட்ராயிங்கில் மேடை உயரம் ஒன்றரை அடி என்று போட்டிருந்தது. எனக்கு அது தப்பாகப் பட்டது. எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை அடுக்குகிற மேடை இடுப்பளவு இருக்கும். அதுதானே மேடை? ஒன்றரை அடியில் வைத்தால் மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் ஏறிச் சரக்கு நனைந்துவிடாதா? எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவன் நான். யாரையும் கேட்காமல் மூன்றடிக்கு ஏற்றிவிட்டேன். செங்கல் கட்டி, மணல் நிரப்பி, மேலே கான்கிரீட் போட்டு, வழுவழுவென்று தேய்த்தும் விட்டேன். என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

அங்காடி திறந்த அன்றைக்கே தெரிந்துவிட்டது. பெண்கள் அன்னக்கூடைகளில் மடவையும் இறாலும் நண்டும் கொண்டுவந்தார்கள், மேடையைப் பார்த்தார்கள், அப்படியே நின்றார்கள். நான் முன்னால் போய், "தலைச்சுமைய இறக்கி வைக்க ஒசரமா இருந்தா வசதிதானேம்மா?" என்றேன்.

முட்டி வலிக்காரம்மா ஒருத்தர், ஊரில் அவர் குரல்தான் பெரிய குரல், என்னை மேலும் கீழும் பார்த்தார். "கூட ஏறிடும் நைனா. நா எப்டி ஏறுறது?"

ஏறினவர்களுக்கும் கால் அந்தரத்தில் தொங்கியது. வாங்க வருகிறவன் குனிந்து கூடைக்குள் பார்த்தால்தான் வியாபாரம். மேடை மேல் கூடை அவன் மார்பளவுக்கு வந்தது, மீனே தெரியவில்லை. கீழே உட்காரலாம் என்றால் அது ஆள் நடக்கிற வழி, கழிவுநீர் வாய்க்கால் வேறு. மூன்றாம் நாளே எல்லாரும் வெளியே போய்ப் பழையபடி வெயிலில் குடையை நட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சித்திரை வெயில். முட்டி வலிக்காரம்மா ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பத்தடி தள்ளி, குளுகுளுவென்று நிழல் காலியாகக் கிடந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது. "சென்னையில ஏசி ரூம்ல குந்திக்கினு வரைஞ்சா இப்டித்தான்" என்று அந்தப் பெண்களோடு சேர்ந்து நானும் ஆர்க்கிடெக்ட்டைத் திட்டினேன். அவர்களும் நம்பினார்கள்.

இந்த நேரம் பார்த்து ஆர்க்கிடெக்ட் ஆபீசிலிருந்து போட்டோ கேட்டார்கள். ஏதோ போட்டிக்கு அனுப்ப வேண்டுமாம். கட்டடம் மட்டும் தெரிய வேண்டும், கூடை, குடை, தார்ப்பாய் எதுவும் தெரியக் கூடாது என்று அங்கே யாரோ எங்கள் கான்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பால் வார்த்தது போல இருந்தது. விடியற்காலையில் ஆள் வருவதற்குள் எடுத்து அனுப்பிவிட்டால் மேடை யார் கண்ணையும் உறுத்தாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்த்தேன்.

அதற்குப் போய் நான் கூப்பிட்ட ஆளைப் பாருங்கள்!

அக்கா வந்தார். தூண்களைத் தொட்டுப் பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்து, "கவுத்த படகாட்டம் எவ்ளோ அயகா கீது!" என்றார். தெர்மாகோல் பெட்டியைக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"எடுங்கக்கா, வெளிச்சம் நல்லா இருக்கு" என்றேன்.

"ஆள் வரட்டும்."

"இந்த வாட்டி ஆள் வேணாம்னு ஆபீசுலயே சொல்லிட்டாங்க."

"அவங்க சொல்லட்டும். நீ ஏன் வேர்த்து ஊத்துற?"

பெண்கள் வந்தார்கள். அங்காடியைச் சுற்றிக்கொண்டு போய் வெளியே குடைகளை நட்டார்கள். வெயில் ஏறும் வரை அக்கா அசையவில்லை. பிறகு உள்ளே கடைசி மூலைக்குப் போய், அங்கிருந்து வெளியே பார்த்து ஒரே ஒரு படம் எடுத்துக் காட்டினார். முன்னால் நிழலில் வரிசையாக வெறும் மேடைகள். மேலே அந்த அழகான கூரை. அதன் விளிம்புக்கு அப்பால், கண்ணைக் கூசும் வெயிலில் பத்துப் பதினைந்து குடைகள்.

"அக்கா, கம்ப்யூட்டர்ல அந்தக் குடைங்கள மட்டும் அழிச்சிடலாமே?"

"அயிக்கலாம். குடைய அயிச்சா வெயிலும் பூடுமா?"

நான் வழக்கம்போலக் கத்த ஆரம்பித்தேன். எல்லாம் அந்த ஆர்க்கிடெக்ட் செய்த கோளாறு, ஊருக்கு வந்து பார்க்காமல் வரைந்தால் இப்படித்தான் என்றேன். அக்கா கேமராவில் பழைய படங்களைத் தள்ளித் தள்ளி ஒன்றை எடுத்து, "இத்த பாரு" என்று நீட்டினார்.

வேலை தொடங்குவதற்கு முன் எடுத்த படம். ரோட்டோரம் மீன் விற்கிற பெண்களுக்கு நடுவே ஆர்க்கிடெக்ட் அம்மா சேற்றில் மண்டியிட்டிருக்கிறார். ஒரு மரப்பெட்டி மேல் முட்டி வலிக்காரம்மா உட்கார்ந்திருக்கிறார். தரையிலிருந்து அவர் முட்டி வரை டேப் பிடித்து அளக்கிறார் அந்தச் சின்னப் பெண். டேப்பில் ஒன்றரை அடி. அளவு கொடுத்த அந்தம்மாவையே அல்லவா நான் ஆர்க்கிடெக்ட்டைத் திட்ட வைத்திருந்தேன்!

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன். கொட்டினதும் சரிதான்.

"உங்களுக்கு மொதல்லயே தெரியுமா?" என்றேன்.

"தெரியாம? அளக்கசொல நாந்தான பக்கத்துல நின்னேன். கேளு. அந்தக் குடைப் படத்த நா நாளைக்கு அனுப்புவேன். அதுக்குள்ள நீயா போன் போட்டியானா, படத்துக்கு முன்னாடி நீ போவ. இல்லன்னா படம் ஒன்ன இஸ்துக்கினு போவும். இன்னா சொல்ற?"

வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அந்தம்மா தலையில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருப்பது ஒரு பக்கம். நான் உள்ளேயிருந்து அவரைப் பார்த்தேன், அவரும் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இன்னா நைனா, துன்னியா?" என்று கேட்டார். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. அங்கேயே நின்று ஆர்க்கிடெக்ட்டுக்குப் போன் போட்டேன்.

எல்லாவற்றையும் அவர் கேட்டுக்கொண்டார். "சரி, ஏன் உயரத்த மாத்தினீங்க? காரணம் ஏதாவது இருக்கும்ல?" என்றார்.

"மழக்காலத்துல தண்ணி ஏறினா சரக்கு நனஞ்சிடுமேன்னு..."

"என்ன சரக்கு?"

"மீனுங்க மேடம்."

அந்தப் பக்கம் அவர் வெடித்துச் சிரித்தார். இந்தப் பக்கம் அக்கா ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தவர், பெட்டி மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வர விழுந்து விழுந்து சிரித்தார். "மேடம், இவரு நெல்லு ஊர்க்காரரு!" என்று போனுக்குக் கேட்கும்படி கத்தினார். சேதி குடைக்குக் குடை பரவ எவ்வளவு நேரமாகும்? மீன் நனைந்துவிடும் என்று பயந்தவன் என்று அந்தக் கரையில் இன்றைக்கும் எனக்குப் பெயர்.

கான்ட்ராக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "நீயே கூட நின்னு எறக்கு. எறக்கி முடி, அப்புறம் நீ வேலையில கீறியா இல்லியான்னு பாக்கலாம்" என்றார். கான்கிரீட்டை உடைத்து, மணலை வாரி, செங்கலை வரிசை வரிசையாகப் பிரித்து, மறுபடி கான்கிரீட் போட்டோம். கொத்தனார்களோடு நானும் சட்டி தூக்கினேன். மிஞ்சின மணலை அங்காடிக்கு வரும் சேற்று வழியில் கொட்டி மிதித்தோம். கான்கிரீட் இறுகும் வரை அந்தப் பெண்கள் இன்னும் சில நாள் வெயிலில் உட்கார வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் அவர்களைக் கடந்து போகும்போது என் தலை தானாகக் குனிந்தது.

மேடை தயாரானதும் அடுத்த ரகளை. வாசல் பக்கத்து இடம் யாருக்கு என்று பெண்களுக்குள் மயிரைப் பிடிக்காத குறை. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று அங்கே ஆண்கள் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள், அதற்குப் பாடு என்று பெயர். அதில் பெண்களுக்கு இடம் கிடையாது. முட்டி வலிக்காரம்மா எழுந்து, "ஏரிக்கு அவங்க போடட்டும். இதுக்கு நாம போடுவோம் பாடு" என்றார். அவ்வளவுதான், பேரெழுதின சீட்டுகளை அன்னக்கூடையில் போட்டுக் குலுக்கினார்கள். ஆண்கள் வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்தம்மாவுக்கு வாசல் பக்கம் விழவில்லை, நடு வரிசைதான் விழுந்தது. "மாசம் மாறனா எனக்கு வரும்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். கூடைகள் இறங்கின, எளாவூர்ப் பக்கத்து வண்டிக்காரர்கள் குனிந்து மீன் பார்த்தார்கள், விலைச் சண்டை தொடங்கியது. கூரை முழுக்க ஒரே இரைச்சல். சென்னையிலிருந்து ஆர்க்கிடெக்ட் அம்மாவும் வந்திருந்தார். குடைப் படத்தைத் தன் மேஜைக்கு எதிரிலேயே மாட்டி வைத்திருப்பதாகச் சொன்னார்.

போட்டிக்கு அனுப்ப வேண்டிய படம் இன்னும் பாக்கி. அக்கா அதே மூலையில் கேமராவோடு நின்றார். அழுத்தவில்லை.

நான் தூணுக்குப் பின்னாலிருந்து, "இன்னும் இன்னாக்கா? அதான் எல்லாரும் வந்துட்டாங்களே!" என்றேன்.

"ஆள் வரட்டும்."

"இன்னும் யாரு?"

"நீதான். போய் அந்தம்மா பக்கத்துல குந்து."

நான் மாட்டேன் என்றேன். கத்திக்கூடப் பார்த்தேன். முட்டி வலிக்காரம்மா நகர்ந்து இடம் விட்டு, கான்கிரீட்டைக் கையால் துடைத்தார். "வா நைனா, நனஞ்சிட மாட்ட" என்றார். மொத்த அங்காடியும் சிரித்தது. போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மேடை கட்டியிருக்கிறேன், ஒன்றில்கூட அதுவரை நான் உட்கார்ந்து பார்த்ததில்லை.

அக்கா ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கேமராவுக்குப் பின்னாலிருந்து சத்தமாகக் கேட்டார்.

"கால் தரையில படுதா?"

குனிந்து பார்த்தேன். ஈரத் தரையில் வரிசையாகச் சேறு படிந்த கால்கள், நடுவில் என் கால் இரண்டு.

"படுதுக்கா" என்றேன்.

அப்போதுதான் அழுத்தினார்.